மாத்திரையைச் சொல்லாத சாட்சி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும். அளவு ரவிக்கை கொண்டுவராமல், "நீயே பாத்துத் தச்சுடு" என்று துணியைப் போட்டுவிட்டுப் போகிறவர்களை நான் சும்மா விட்டதில்லை. பொய் சொல்கிறவர்களைக் கண்டால் இன்னும் மோசம், முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் ஏறக்குறைய ஒரு வருடம் ஒரு பொய்யோடு குடித்தனம் நடத்தினேன். அதுவும் வெள்ளிக்கிழமைதோறும் கைதட்டு வாங்கிக்கொண்டு. அப்போது அதைப் பொய் என்று நான் சொன்னதில்லை. சாட்சி என்றுதான் சொன்னேன்.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து செந்துறை போகிற சாலையில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் ரோட்டோரத்துப் புளியமரங்கள் பாதி வெள்ளையாகவே நிற்கும். காட்டில் மண்ணைக் கிளறினால் கல்லாகிப்போன சிப்பி கிடைக்கும். இதெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு நோய் வந்த அந்த வருடத்தை இப்போது நினைத்தால், அந்தக் கடல் திரும்பி வந்து என் வீட்டை மூடியிருந்ததைப் போலத் தோன்றுகிறது. சத்தமெல்லாம் தூரத்தில் கேட்கும். வெயில் பச்சையாகத் தெரியும். மெஷினை மிதித்துக்கொண்டே இருப்பேன், தைத்தது எந்த ரவிக்கை என்று சாயங்காலம் நினைவிருக்காது.

முதலில் இருமல். அப்புறம் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு லேசாகக் காய்ச்சல். ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழுக்கியது. எல்லாருக்கும் அளவு எடுக்கிறவள் என் உடம்பு இரண்டு அங்குலம் குறைந்ததைக் கவனிக்கவில்லை. என் வீட்டுக்காரர் டிப்பர் லாரி ஓட்டுகிறார். அவர்தான் ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பாட்டம் இருக்கே. கெளம்பு ஆஸ்பத்திரிக்கு" என்றார்.

அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்றேன். அங்கே நின்றால் பத்தில் எட்டு முகம் தெரிந்த முகமாக இருக்கும். பெரம்பலூரில் என் அக்கா இருக்கிறாள். அவள் வீட்டு விலாசத்தைக் கொடுத்து அங்கே சளியைச் சோதிக்கக் கொடுத்தேன். காசநோய் என்றார்கள். ஆறு மாதம் ஒருநாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் சுத்தமாகப் போய்விடும், பயப்படாதீர்கள் என்றார்கள். எனக்கு நோயைப் பற்றிப் பயமே வரவில்லை. பெயரைப் பற்றித்தான் பயம் வந்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். என் அம்மா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் குனிந்து நடவு நட்டவள். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்த முதல் பெண் நான்தான். மேலத் தெருப் பெண்கள் தங்கள் ரவிக்கைத் துணியை என் கையில் கொடுக்கப் பல வருடம் பிடித்தது. உடம்பைத் தொட்டுக் கிடக்கிற துணி அது. தைக்கிறவளுக்கு டிபி என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், மறுநாள் என் மேஜை காலியாகிவிடும். எனக்கு அந்த மேஜை வெறும் பிழைப்பு மட்டும் இல்லை.

ஆக, அக்காவுக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரியும். மாதாமாதம் அக்காவைப் பார்க்கிற சாக்கில் பெரம்பலூர் பஸ் ஏறுவேன். மாத்திரை அட்டைகளை மெஷின் டிராயரில், பாபின்களுக்கு அடியில் வைத்திருந்தேன். காலையில் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். முதல் நாள் ஒன்றுக்குப் போனபோது ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. செத்தேன் என்று நினைத்து அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். "அந்த மாத்திரைக்கு அப்படித்தான்டி போவும், நர்ஸ் சொன்னாங்களே, நீ எங்க காதுல வாங்குன?" என்று திட்டினாள்.

எங்கள் சபை, தகரக் கூரை போட்ட ஒரு கூடம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு என்ன தேவையோ அதை எழுந்து சொல்லி ஜெபிக்கக் கேட்க வேண்டும். காரியம் நடந்துவிட்டால் மறுபடி எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விட மாட்டார்கள். "என்னங்க, ஜெபம் மட்டும் வேணும், சாட்சி வேணாமா?" என்று கிண்டலாகவே கேட்டுவிடுவார்கள். நான் நெஞ்சில் சளி என்று சொல்லித்தான் ஜெபம் கேட்டிருந்தேன். பாவம், எனக்காக உண்ணாமல் இருந்து முட்டி போட்டு அழுதவர்கள் இருக்கிறார்கள்.

நாலாவது மாதத்தில் அந்தக் கனவு வந்தது. மத்தியானம். மெஷின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தேன். வாசல் வெயில் தரையில் ஏறி என் கால்வரைக்கும் வந்திருந்தது. எங்கோ லாரி போகிற சத்தம் அலையடிப்பது போல வந்து வந்து போனது. நான் தண்ணீருக்குள் நிற்கிறேன், மூச்சு முட்டவில்லை. யாரோ பின்னாலிருந்து என் நெஞ்சில் கை வைத்தார்கள். முகம் தெரியவில்லை. கை மட்டும்தான். வேலை செய்து காய்த்த கை, உள்ளங்கை சூடாக இருந்தது. அவ்வளவுதான் கனவு. விழித்தபோது ஊசிக்கு அடியில் துணி அப்படியே இருந்தது. அன்றைக்கு நான் இருமவில்லை. இத்தனை வருட ஜெபத்தில் கிடைக்காத ஒரு நிம்மதி அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்தது என்று இப்போதும் சொல்வேன்.

ஆறு மாதம் முடிந்து சளியில் கிருமி இல்லை என்று சொன்ன வாரம், சபையில் எழுந்தேன். மாத்திரையைச் சொன்னால் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். அதனால் கனவை மட்டும் சொன்னேன். இருமலைச் சொன்னேன், கையைச் சொன்னேன், சுகமானதைச் சொன்னேன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு கிழவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

பிடித்ததுதான் வினை. போதகர் ஐயா நல்ல மனிதர், கள்ளம் கபடம் இல்லாதவர். பக்கத்து ஊர்க் கூட்டங்களுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். "மருந்து இல்லாம, மாத்திரை இல்லாம ஆண்டவர் தொட்ட நம்ம சகோதரி" என்று அறிமுகப்படுத்தினார். மாத்திரை இல்லை என்று நான் எங்கும் சொன்னதில்லையே, அவராகச் சொல்லிக்கொள்கிறார் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். இரண்டாவது ஊரில் அந்தக் கையைச் சுற்றி ஒரு வெளிச்சம் வந்தது. நாலாவது ஊரில் மல்லிகை வாசனையும் வந்தது. ஜனங்கள் மூச்சை அடக்கிக் கேட்கும்போது என் நாக்குத் தானாகச் சேர்த்தது. வீடு திரும்பும்போது, உண்மையிலேயே வெளிச்சம் இருந்ததோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். செந்துறைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊர். முப்பது வயது இருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை, ஓட்டிலிருந்து வடிகிற பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. ஜெபம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் கூடத்துக்கு வெளியே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்க பக்கம் கூட்டத்துல நீங்க பேசுனதக் கேட்டேன். நீங்க நோய் பேரு சொல்லல. ஆனா அடையாளம் அத்தனையும் எனக்கு இருந்துச்சு. சாயங்காலக் காச்சல், வேர்வை, ஒடம்பு எளச்சுப்போறது. எனக்கு டிபிக்கா."

"மாத்திரை சாப்புடுறியா?" என்றேன்.

சிரித்தாள். அவ்வளவு அழகான சிரிப்பு. "ரெண்டு மாசம் சாப்புட்டேன். உங்க சாட்சியக் கேட்ட அன்னைக்கே நிறுத்திட்டேன். இன்னையோட ரெண்டு மாசம் ஆவுது. ஆஸ்பத்திரியிலேருந்து தேடி வந்தாங்க, ஊருல இல்லன்னு சொல்லச் சொல்லிட்டேன். விசுவாசத்துல நிக்கிறேன்க்கா."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி இருமினாள். அந்த இருமல் எனக்குத் தெரியும். அவளை இழுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நிறுத்தி, காதோடு காதாகச் சொன்னேன்.

"இந்தா பாரு. நானும் மாத்திரை சாப்புட்டேன். ஆறு மாசம். எனக்கும் அதே நோய்தான். நீ நாளைக்கே போயி மாத்திரை வாங்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. "என்னைச் சோதிக்கிறீங்க. கடைசி நேரத்துல கூட இருக்கவங்களே தடுப்பாங்கன்னு அன்னைக்கு மேடையிலயே சொன்னாங்க. நான் அசைய மாட்டேன்க்கா." பஸ் வந்தது, போய்விட்டாள். ஆயிரம் பேருக்கு முன்னால் மைக்கில் சொன்னதை மரத்தடியில் குசுகுசுவென்று அழிக்க முடியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டுத்தான் போனாள்.

அந்த ஒரு வாரம் எப்படிப் போயிற்று என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மறுபடியும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டேன். ஊசி துணியில் ஏறி இறங்கும், ஒவ்வொரு குத்துக்கும் அந்தப் பெண் இருமுகிற மாதிரி இருக்கும். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. ஒருநாள் போதகர் ஐயா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏம்மா இதை முன்னாடியே என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா என்னை மேடை ஏத்தியிருப்பீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சபையில சொன்னா ஜனங்க மத்த சாட்சியையும் சந்தேகப்படுவாங்கம்மா. அந்தப் பொண்ணுகிட்ட நான் தனியாப் பேசுறேன்."

"தனியா நானே பேசிட்டேன் ஐயா. சாத்தான் பேசுதுன்னு நெனச்சுக்கிட்டா. நீங்க பேசினா மட்டும்? அவ செத்துட்டா நான் யாருக்கு சாட்சி சொல்றது?" குரல் உயர்ந்துவிட்டது. ஒரு போதகரிடம் அப்படி நான் பேசியிருக்கக் கூடாது. ஆனால் என் கோபம் அவர்மேல் இல்லை.

வெள்ளிக்கிழமை சபையில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று அன்றிரவு வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் சோறு போடச் சொல்லாமல் தானே போட்டுச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "நீ சொன்னா மெஷினை மூடி வச்சுட வேண்டியதுதான். தெரிஞ்சுதானே போற?" என்றார்.

"தெரியும்."

"அப்பச் சரி. நான் அன்னைக்கு லீவு போடுறேன்." கூடத்துக்கு வராத மனுஷன், வருகிறேன் என்றார். எனக்கு அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரர் செருப்புகளுக்குப் பக்கத்தில் வெளியே நின்றார். சாட்சி நேரம் வந்ததும் எழுந்தேன். நான் எழுந்தாலே கைதட்டுகிற பழக்கம் ஆகிவிட்டது ஜனங்களுக்கு. தட்டினார்கள். தட்டி முடியட்டும் என்று நின்றேன். தகரம் வெயிலில் டக் டக்கென்று விரிகிற சத்தம் கேட்டது. எல்லா முகமும் வெகு தூரத்தில் மிதப்பதைப் போலத் தெரிந்தது.

"எனக்கு வந்தது டிபி" என்றேன். "பெரம்பலூர் ஆஸ்பத்திரியில ஆறு மாசம் மாத்திரை சாப்புட்டேன். ஒருநாள் விடல. சுகமானது அதுலதான். கனவு வந்தது நெசம், ஆனா மாத்திரையை நான் மறச்சேன். நீங்க தைக்கக் குடுக்குற துணிய நிறுத்திடுவீங்கன்னு பயந்து மறச்சேன்." பெரம்பலூர் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பையிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினேன்.

முன்வரிசைக் கிழவி பழக்க தோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கடைசி வரிசையில் அவள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் நம்பவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. வரிசைகளுக்கு நடுவே நடந்துபோய் அவள் முன்னால் நின்று, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டேன்.

"மொத மாத்திரை போட்ட அன்னைக்கு உனக்கு ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போச்சா இல்லையா? நீ பயந்தியா இல்லையா? எனக்கும் போச்சுடி. நான் செத்துட்டேன்னு நெனச்சு எங்க அக்காளுக்குப் போன் போட்டு அழுதேன். சாப்புடாதவளுக்கு இது எப்படித் தெரியும்?"

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். என் முன்னால் இருந்தவள் சிரிக்கவில்லை. அவள் முகத்திலிருந்து மெல்ல மெல்ல எல்லாம் வடிந்துபோவதை நான் பார்த்தேன். அதைப் பார்த்ததற்கு நான் கண்ணில்லாமல் பிறந்திருக்கலாம். எழுந்து வெளியே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"அரியலூருக்கு வா. நான் கூட வரேன்."

வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். ஒரே சீட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். வெள்ளை மரங்கள் ஜன்னலில் வந்துகொண்டே இருந்தன, முடியாத ஒரு தூக்கத்தில் போய்க்கொண்டிருப்பதைப் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் நான் பயந்த அத்தனை முகங்களும் இருந்தன. மேலத் தெருவில் எனக்குத் தைக்கக் கொடுக்கிற ஒரு அம்மாவே வரிசையில் நின்று, நான் நிற்கிற கதவையும் அதன்மேல் எழுதியிருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வணக்கம் வைத்தேன்.

நர்ஸ் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டார். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும், சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். அந்த முடிவு வருகிறவரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மருந்துக்கு அடங்குகிற கிருமிதான் என்று வந்தது. முதலிலிருந்து ஆறு மாதம்.

"தெனம் இவங்க மாத்திரை போடுறதப் பாக்க யாராவது பொறுப்பு எடுத்துக்கணும். வூட்டுல யாரு இருக்கா?" என்று நர்ஸ் கேட்டார்.

அவள் என்னைக் கைகாட்டினாள். "இவங்க."

அதற்குள் என் மேஜையில் இருந்த துணிகள் பெரும்பாலும் போய்விட்டன. சிலர் தைத்ததையும் வேண்டாம் என்றார்கள். சண்டை போடவில்லை. சபையில் போதகர் ஐயா அடுத்த கூட்டத்திலேயே, யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். என்னை மட்டும் அப்புறம் மேடைக்குக் கூப்பிடவில்லை. இப்போது பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன், ஒரு கடைக்காரர் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்கிறார்.

தினமும் காலையில் என் போன் அடிக்கும். அவள்தான். ஹலோ சொல்ல மாட்டாள். மாத்திரை அட்டை கிழிகிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், விழுங்குகிற சத்தம். பெரும்பாலும் ஒரு இருமல். உடனே துண்டித்துவிடுவாள். நான் பேச வாயெடுத்தாலும் துண்டித்துவிடுவாள். சரி, அவள் கோபம் நியாயம்தானே என்று நானும் பேசாமல் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது மாதத்தில் இருமல் நின்றது. மழைக்காலம் வந்து போனது. அரைத் தூக்கத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அதுதான் எனக்குக் காலை ஜெபம் என்று ஆகிவிட்டது.

கடைசி நாள் விழுங்கிவிட்டு அவள் துண்டிக்கவில்லை.

"சளியில ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லி அழ ஆரம்பித்தேன். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"அக்கா. அந்தக் கனவாச்சும் நெசமா?"

வெளிச்சமும் மல்லிகையும் நாக்கின் நுனிவரை வந்தன. விழுங்கிக்கொண்டேன். "கை வந்தது நெசம்மா. மீதியெல்லாம் நான் சேத்தது."

"எனக்கு யாரும் வரலயேக்கா" என்றாள். "மாத்திரைய நிறுத்துன அந்த ரெண்டு மாசமும் கதவுக்குத் தாப்பா போடாமத்தான் படுத்தேன்."